அடிக்கடி முடங்கும் வீட்டுக் கணினி: வன்பொருள் பழுதைப் பிரித்தறியும் முறை

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வீட்டுக் கணினி வேலையின் நடுவே தானாக அணைந்துபோகிறது. அல்லது நீலத்திரை காட்டிவிட்டு மீண்டும் தொடங்குகிறது. அல்லது மவுஸ்கூட அசையாமல் உறைந்து நிற்கிறது. சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் முதல் யோசனை, "ஃபார்மட் போட்டுப் பார்ப்போம்" என்பது. அது பலிக்காவிட்டால் ராமை மாற்றுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் மதர்போர்டின் மேல் பழி விழும். இந்த வரிசையில் பணம் செலவாகிறது, கோப்புகள் அழிகின்றன, பழுதுக்கான தடயங்களும் சேர்ந்தே அழிகின்றன.

வன்பொருள் பழுது என்று ஐயம் எழும்போது அதை எந்த ஒழுங்கில் ஆராய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விண்டோஸ் இயங்கும் மேசைக் கணினியை முதன்மையாகக் கொண்டு இது எழுதப்படுகிறது. மடிக்கணினிக்கும் பெரும்பகுதி பொருந்தும். இங்கே நிறுவ முயலும் கருத்து இது: வன்பொருள் பழுது பெரும்பாலும் ஓர் உறுப்பின் முழு மரணமாக வருவதில்லை, அதன் பாதுகாப்பு இடைவெளி தேய்ந்துபோவதாகவே வருகிறது. ஆகவே, உதிரிகளை மாற்றிப் பார்ப்பதற்கு முன், வெப்பம், வேகம், மின்னழுத்தம், சுமை ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றி, முடக்கம் எதற்கு அசைந்து கொடுக்கிறது என்று பார்ப்பதே சரியான பழுதறிதல்.

2. பழுதின் இயல்பு

2.1 ஒருமுறை வந்தது மறுமுறையும் வரும்

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் எட்மண்ட் நைட்டிங்கேல், ஜான் டூசர், வின்ஸ் ஓர்கோவன் ஆகியோர் 2011இல் யூரோசிஸ் மாநாட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நிறுவனங்களின் சர்வர்களை விட்டு, சாதாரணப் பயனர்களின் சுமார் 10 லட்சம் கணினிகளை அவர்கள் ஆராய்ந்தார்கள் என்பதே அதன் சிறப்பு. 8 மாதங்களில் பிராசசர் மொத்தம் 30 நாட்களேனும் இயங்கிய கணினிகளில், பிராசசர் சார்ந்த பழுதால் முடங்கும் வாய்ப்பு 190இல் 1. ஒருமுறை அப்படி முடங்கிய கணினி மறுபடி முடங்கும் வாய்ப்போ ஏறத்தாழ 3இல் 1.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரம் நமக்கு ஒரு பாடம். முதல் முடக்கத்தைத் தற்செயல் என்று விடலாம். இரண்டாவது முடக்கத்துக்குப் பிறகு, "தானாகச் சரியாகிவிடும்" என்று காத்திருப்பதற்கு ஆதாரம் இல்லை.

2.2 தேயும் இடைவெளி

ஒவ்வொரு சில்லும் குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட மின்னழுத்தத்தில், குறிப்பிட்ட வெப்பம் வரை பிழையின்றி இயங்கும்படி, சற்று மிச்சம் வைத்தே தயாரிக்கப்படுகிறது. வயதும் வெப்பமும் மிகை மின்னழுத்தமும் அந்த மிச்சத்தைக் கரைக்கின்றன. கரைந்த பிறகும் கணினி திறக்கும், பாட்டுப் பாடும், மின்னஞ்சல் அனுப்பும். சுமை ஏறும் ஒரு கணத்தில் மட்டும் விழும். வீட்டில் விழுந்த கணினி கடையில் ஒழுங்காக ஓடுவதற்கும், "ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்று திரும்பி வருவதற்கும் பல வேளைகளில் இதுவே காரணம்.

நிர்ணயித்த வேகத்தைவிடக் குறைந்த வேகத்தில் ஓடும் கணினிகள் குறிப்பிடத்தக்க அளவு நம்பகமாக இருந்தன என்பதும் மேற்சொன்ன ஆய்வின் முடிவுகளில் ஒன்று. இதை ஒரு சோதனைக் கருவியாகவே பயன்படுத்தலாம் என்பதைப் பின்னர் காண்போம்.

3. அறிகுறிகளின் வகைப்பாடு

முடக்கம் எந்த வடிவில் வருகிறது என்பதே முதல் தடயம்.

3.1 எச்சரிக்கையின்றி அணைதல்: திரை கறுத்து, விசிறிகளும் நின்றால் ஐயம் மின்வழங்கியின் மீதோ வெப்பத்தின் மீதோ விழ வேண்டும். இவ்விரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. இன்றைய பிராசசர் சூடேறினால் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அணைவது கடைசிக் கட்டம். எனவே அணைவதற்கு முன் கணினி மந்தமாகி, விசிறி இரைந்தால் வெப்பம் என்று கொள்ளலாம். முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்தால் மின்வழங்கியை முதலில் சோதிக்க வேண்டும்.

3.2 நீலத்திரை: இதில் வரும் நிறுத்தக் குறியீட்டைக் கைபேசியில் படமெடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியீடு வந்தால் ராம் அல்லது பிராசசர் மீது ஐயம் வலுக்கிறது. ஒரே குறியீடு, ஒரே டிரைவர் பெயருடன் திரும்பத் திரும்ப வந்தால் மென்பொருளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 124 என முடியும் குறியீடு, சரிசெய்ய முடியாத பிழையை வன்பொருளே தெரிவித்திருப்பதைக் குறிக்கும்.

3.3 உறைதலும் திரைக் கோளாறும்: ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் எரிய, கணினி உறைந்து பிறகு மீண்டால் சேமிப்பகத்தைப் பார்க்க வேண்டும். திரையில் கட்டங்களும் வண்ணக் கோடுகளும் தோன்றினால் கிராஃபிக்ஸ் கார்டைப் பார்க்க வேண்டும்.

4. சோதனைக்கு முந்தைய கடமைகள்

முதல் கடமை, தரவைக் காப்பது. கணினி ஓடும் நேரத்தில் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டில் நகலெடுத்துவிட வேண்டும். கடும் சுமைச் சோதனைகள் தள்ளாடும் வட்டைக் கொன்றுவிடக்கூடும். அதனால் இந்த வரிசை மாறக் கூடாது.

இரண்டாவது, பதிவுகளைப் படிப்பது. விண்டோஸின் ரிலையபிலிட்டி மானிட்டர் முடக்கங்களை நாள்வாரியாகக் காட்டும். ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டு பலர் மின்வழங்கிதான் குற்றவாளி என்று முடிவுகட்டுகிறார்கள். அது தவறு. முந்தைய முறை கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை.

மூன்றாவது, கணினியை இயல்பு நிலைக்குக் கொண்டுவருவது. பயாஸில் ஓவர்கிளாக்கிங் எதுவும் இருந்தால் நீக்க வேண்டும். ராமின் எக்ஸ்எம்பி அமைப்பும் தர வரையறையைத் தாண்டிய வேகமே; அதையும் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இதோடு முடக்கம் நின்றுபோனால் காசு செலவில்லாமல் ஒரு விடை கிடைத்துவிடும்.

நான்காவது, ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், என்ன வேலை நடந்தது, என்ன மாற்றினோம், என்ன விளைந்தது என்று எழுதி வைக்காத சோதனை, சோதனை ஆகாது.

5. உறுப்புவாரி ஆய்வு

5.1 மின்வழங்கி

நம் கடைகளில் எஸ்எம்பிஎஸ் என்று அழைக்கப்படும் இதுவே அதிகம் புறக்கணிக்கப்படும் உறுப்பு. நெடுங்காலம் வழங்கிவந்த ஏடிஎக்ஸ் வரையறையின்படி 12 வோல்ட் இணைப்பில் 5 விழுக்காடு ஏற்ற இறக்கமே அனுமதி, அதாவது 11.4 முதல் 12.6 வோல்ட் வரை. மல்டிமீட்டரில் இந்த எல்லைக்கு வெளியே எண் வந்தால் எஸ்எம்பிஎஸ் பழுது என்று உறுதிசெய்யலாம். எல்லைக்குள் வந்தால் அது நல்லது என்று உறுதிசெய்ய முடியாது. மல்டிமீட்டர் சராசரியைக் காட்டும். சுமை ஏறும் கணத்தில் நேரும் நொடிப்பொழுதுச் சரிவை அது பிடிக்காது. நல்ல நிலையில் உள்ளது என்று அறிந்த வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரவலாக மாட்டிப் பார்ப்பதே வீட்டில் செய்யக்கூடிய நம்பகமான சோதனை.

வெளியிலிருந்து வரும் மின்சாரமும் இங்கே அடங்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓர் அலைக்கு 20 மில்லிநொடி. மின்சாரம் நின்ற பிறகு எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது ஏறத்தாழ அவ்வளவே. மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் மாறும் கணத்தில் மட்டும் கணினி ரீஸ்டார்ட் ஆனால், இன்வெர்ட்டர் யூபிஎஸ் நிலையில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணினியைப் பிரிக்கத் தேவையில்லை. எர்த் இணைப்பையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

5.2 வெப்பம்

பல இன்டெல் மேசைக் கணினி பிராசசர்களின் உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஓய்வில் இருக்கும்போதே 70, 80 என்று காட்டினால் ஹீட் சிங்கில் தூசி அடைத்திருக்கிறது, தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது விசிறி தளர்ந்திருக்கிறது என்று ஐயுறலாம். பக்கக் கதவைத் திறந்து, மேசை விசிறியை உள்நோக்கி வைத்து ஒரு மாலை முழுதும் ஓட்டிப் பார்ப்பது எளிய சோதனை. முடக்கம் நின்றால் காரணம் வெப்பத்தோடு தொடர்புடையது.

5.3 ராம்

இன்டெலின் திமோத்தி மே, மரே வுட்ஸ் இருவரும் 1978இல், சில்லின் மேலுறையில் இருந்த அணுக்கதிர்ப் பொருள்களின் நுண்ணிய தடம் நினைவகத் துணுக்குகளைப் புரட்டுகிறது என்று காட்டினர். அதன் பிறகு ராம் பிழை என்றாலே தற்செயல் என்ற எண்ணம் நிலைத்தது. 2009இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடர் கூகுள் பொறியாளர்களுடன் சேர்ந்து, அந்நிறுவனத்தின் சர்வர்களை ஆராய்ந்து அந்த எண்ணத்தை அசைத்தார். ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ராம் பலகைகளில் பிழை நேர்ந்தது. அவற்றில் பெரும்பங்கு தற்செயல் புரட்டல்கள் அல்ல, நிலையான பழுதுகள் என்றே தெரிந்தது.

நிலையான பழுதைத் தேடிப் பிடிக்க முடியும். 1994இல் கிறிஸ் பிராடி உருவாக்கிய மெம்டெஸ்ட்86, அதன் கிளையான மெம்டெஸ்ட்86+ ஆகியவை விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து இயங்கி ராமைச் சோதிக்கின்றன. இரவு முழுதும் ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். "ஒன்றுதானே" என்று விடக் கூடாது. பிழை வந்தால் ஒரு ராமை மட்டும் வைத்து, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் சோதிக்க வேண்டும். பிழை ராமோடு நகர்ந்தால் ராம் பழுது. ஸ்லாட்டோடு தங்கினால் மதர்போர்டையோ பிராசசரையோ ஐயுற வேண்டும். பல வேளைகளில், கழற்றிச் சுத்தம் செய்து அழுத்தி மாட்டுவதே போதுமானதாக இருக்கும்.

5.4 சேமிப்பகம்

வட்டு தன்னைத்தானே கண்காணித்துத் தரும் ஸ்மார்ட் அளவீடுகளில் நான்கு முக்கியம். 5ஆம் எண் மாற்றி ஒதுக்கிய பகுதிகள். 197 ஐயத்துக்குரிய பகுதிகள். 198 மீட்க முடியாத பகுதிகள். 199 தரவுப் பரிமாற்றப் பிழைகள். முதல் மூன்றும் ஏறிக்கொண்டே போனால் ஹார்ட் டிஸ்க்கை மாற்ற வேண்டும். 199 மட்டும் ஏறினால் முதலில் சாட்டா கேபிளை மாற்ற வேண்டும். அது சில நூறு ரூபாய்ச் செலவுதான்.

ஆனால் ஸ்மார்ட் அளவீடு சுத்தமாக இருப்பது நற்சான்று ஆகாது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்த கூகுளின் 2007 ஆய்வில், செயலிழந்த வட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கிய அளவீடுகள் எதிலும் முன்னெச்சரிக்கை காட்டவில்லை. எச்சரிக்கை காட்டியவையோ விரைவில் விழுந்தன: முதல் ஸ்கேன் பிழைக்குப் பின் 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை இல்லாத வட்டுகளைவிட 39 மடங்கு.

5.5 மதர்போர்டு

மதர்போர்டைக் கண்ணால் பார்த்தே ஓரளவு அறியலாம். 1999 முதல் 2007 வரை, குறையுள்ள மின்பகு திரவம் கொண்ட கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் மதர்போர்டுகளைக் கெடுத்தன. உள்ளே வாயு உருவாகி, உச்சந்தலை வீங்கி, பழுப்பு நிறக் கசிவு வெளிவந்தது. டெல் நிறுவனம் இதற்காக 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. அக்காலக் கணினிகள் இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன. புதிய போர்டுகளில் பிராசசரைச் சுற்றித் திண்மக் கெப்பாசிட்டர்கள் வந்துவிட்டாலும், மலிவான எஸ்எம்பிஎஸ்களில் பழைய வகை தொடர்கிறது. வெப்பம் 10 டிகிரி உயரும்போது அவ்வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது மின்னணுவியலில் வழங்கும் பொதுக் கணக்கு. தூசி துடைப்பது போர்டின் ஆயுளையும் கூட்டும் என்பது இதனால் விளங்கும்.

6. செய்தி ஒன்று, காரணம் வேறு: 2024இன் சான்று

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினி பிராசசர்களில் நேர்ந்தது, பழுதறிதலுக்கு அண்மைக்காலத்தின் மிகப்பெரிய பாடம். விளையாட்டுகள் தொடங்கும்போது முடங்கின. திரையில் வந்த செய்தியோ வீடியோ நினைவகம் போதவில்லை என்றது. செய்தியை நம்பினால் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் மாற்றத் தோன்றும். உண்மையில், சுருக்கி வைத்த கோப்புகளை விரிக்கும் கணக்கில் பிராசசர் தவறு செய்துகொண்டிருந்தது. ஊடில் என்ற சுருக்க மென்பொருளை உருவாக்கிய ராட் நிறுவனம் இதைச் சுட்டிக்காட்டியது. பிராசசரின் வேகப் பெருக்கியைச் சற்றுக் குறைத்தால் பிழை மறைவதையும் தெரிவித்தது. 2011 ஆய்வு புள்ளிவிவரமாகச் சொன்னதே இங்கே தீர்வுக்கான தடயமாக வந்தது.

2024 ஜூலையில் இன்டெல் காரணத்தை அறிவித்தது: தவறான மைக்ரோகோட் (பிராசசரின் உள்நிரல்), பிராசசருக்குத் தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கோரியிருக்கிறது. ஆகஸ்டு முதல் திருத்தங்கள் பயாஸ் புதுப்பிப்புகளாக வந்தன. உத்தரவாதமும் 2 ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த பிராசசரை எந்தப் புதுப்பிப்பும் மீட்காது.

இதிலிருந்து பெறப்படும் விதி: பிழைச்செய்தி, பிழை வெளிப்பட்ட இடத்தைச் சொல்கிறது, பிழை பிறந்த இடத்தைச் சொல்வதில்லை.

7. பிரித்தறியும் வரிசை

7.1 செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்குப் போக வேண்டும்: நகலெடுத்தல், பதிவு படித்தல், பயாஸ் இயல்பாக்கல், தூசி துடைத்தல், கேபிள்களை அழுத்தி மாட்டுதல், ராம் சோதனை, வட்டு அளவீடு, பிறகே இரவல் உதிரி.

7.2 ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ராமையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒரே நாளில் மாற்றினால், கணினி சரியானாலும் காரணம் தெரியாது. நல்ல உதிரி ஒன்று குப்பைக்குப் போகும்.

7.3 வேகத்தைக் குறைத்துச் சோதிக்க வேண்டும். பிராசசர் அல்லது ராமின் வேகத்தைப் பயாஸில் ஒரு படி குறைத்ததும் முடக்கம் நின்றால், காரணம் மென்பொருளாக இருக்க வாய்ப்பு குறைவு.

7.4 மென்பொருளை விலக்க, பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி அதே சுமையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அங்கும் முடங்கினால் விண்டோஸை ஃபார்மட் செய்வதால் பயனில்லை.

7.5 முடக்கம் வழக்கமாக எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்ததோ, அதைப்போல் மூன்று மடங்கு காலமாவது வராமல் இருந்தால் மட்டுமே சரியானதாகக் கொள்ள வேண்டும்.

8. முடிவுரை

வன்பொருள் பழுது ஒளிந்து விளையாடுவதுபோல் தோன்றினாலும், அது வெப்பத்துக்கும் வேகத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் சுமைக்கும் கட்டுப்பட்டே நடக்கிறது. அந்த நான்கையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பவருக்குப் பழுது தன் இடத்தைக் காட்டியே தீரும். ஒரு குடும்பத்தின் படங்களும், பிள்ளைகளின் படிப்பும், ஒருவரின் பிழைப்பும் இன்று அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. அதை ஊகத்தின் பேரில் பிரிப்பதும் அழிப்பதும் நியாயமில்லை. கணினியைக் கடைக்குக் கொண்டுபோகும் வாசகர்கள் நோட்டுப் புத்தகத்தையும் உடன் கொண்டுபோக வேண்டும். எந்தச் சோதனையின் அடிப்படையில் எந்த உதிரியை மாற்றுகிறார்கள் என்று கேட்க வேண்டும். அதற்கு விடை கிடைக்காதவரை எந்த உதிரிக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.