பெரிய எக்சேஞ்சுக்கு வெளியே விற்ற காயின்கள்

திண்டுக்கல் என்றாலே பூட்டு. 2019ல் புவிசார் குறியீடு கூட வாங்கியாயிற்று. பூட்டை விற்ற கடைக்காரரே சாவியையும் வைத்துக் கொள்வேன் என்றால் யாராவது வாங்குவார்களா? கிரிப்டோ விஷயத்தில் பலர் அப்படித்தான் வாங்கினார்கள்.

2017 டிசம்பரில் ஒரு பிட்காயின் 19,000 டாலரைத் தாண்டியது. நம் பணத்தில் சுமார் 12 லட்சம். பிட்காயினைத் துண்டு துண்டாகவும் வாங்கலாம். ஆனாலும் அதில் துளியை வைத்திருப்பதை விட, பெயர் தெரியாத காயினை ஆயிரக்கணக்கில் வைத்திருப்பதில் ஒரு தனி சுகம்! பெரிய எக்சேஞ்சில் ஏறுவதற்கு முன்பே வாங்கினால்தான் லாபம் என்ற கணக்கு வேறு. (இந்தக் கணக்கு முழுக்கத் தப்பும் இல்லை. சில காயின்களில் பலித்திருக்கிறது.)

அந்த ஆசையில் பிழைத்ததுதான் பிட்கனெக்ட். 2016ல் தொடங்கியவர் குஜராத்தைச் சேர்ந்த சதீஷ் கும்பானி. பிட்காயினைக் கொடுத்து அவர்களுடைய காயினை வாங்க வேண்டும். பிறகு அதை அவர்களுக்கே கடனாகக் கொடுக்க வேண்டும். சாஃப்ட்வேர் ஒன்று வர்த்தகம் செய்து மாதம் 40 சதவீதம் வரை சம்பாதித்துத் தருமாம். ஆள் பிடித்தால் கமிஷன். ஒரு டாலருக்கும் கீழே இருந்த காயின் 2017 கடைசியில் 400 டாலரைத் தாண்டியது.

2018 ஜனவரி 16 அன்று கடன் திட்டத்தை மூடினார்கள். வேடிக்கை என்னவென்றால், பணத்தைத் திருப்பியது பிட்காயினில் அல்ல, தங்கள் சொந்தக் காயினில்! ஒன்று சுமார் 363 டாலர் என்று விலை வைத்ததும் அவர்களே. சந்தையிலோ அது 90 சதவீதத்துக்கு மேல் சரிந்து விட்டது. விற்கலாம் என்றால், வாங்க வெளியே ஆள் இல்லை.

2012ல் பெருந்துறை ஈமு கதையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. குஞ்சு கொடுத்ததும் கம்பெனி, திரும்ப வாங்குவதாகச் சொன்னதும் கம்பெனி. கம்பெனி போன பிறகு கோழிக்குத் தீனி போடத்தான் ஆளில்லை.

பெரிய எக்சேஞ்ச் மட்டும் பத்திரமா என்று கேட்கலாம். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் திருடு போனது. ஆனால் அதன் வாடிக்கையாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கிரிப்டோவும் சொத்துதான் என்று 2025 அக்டோபரில் நீதிமன்றம் சொன்னது, அவருடைய காயின்களுக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கொடுத்தது. வழக்குப் போட அவருக்கு எதிரே ஒரு நிறுவனமாவது இருந்தது. பிட்கனெக்ட் வழக்கில், 240 கோடி டாலர் மோசடி என்று 2022ல் குற்றம் சாட்டிய அமெரிக்க அரசுக்கே கும்பானியின் முகவரி கிடைக்கவில்லை.