பிடி அரிசியும் 16 கோடி ரூபாய் ஊசியும்

விருதுநகரில் 1889-ல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கப்பட்டது. பெயர் சத்திரிய வித்தியாசாலை. அங்கே படிக்கக் கட்டணம் கிடையாது. அப்படியானால் செலவுக்குப் பணம்? ஊரில் உள்ள வீடுகளில் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். சேர்ந்த அரிசி பள்ளிக்குப் போனது. இதுதான் 'பிடி அரிசி'த் திட்டம். பின்னாளில் தமிழக முதல்வரான காமராஜர் சிறுவயதில் படித்தது இந்தப் பள்ளியில்தான்.

வீட்டுக்குப் பிடி அரிசி என்றால் கடைக்கு மகமை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் 19-ஆம் நூற்றாண்டில் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்கென்று ஒதுக்கினார்கள். கோவில், கிணறு, பள்ளி எல்லாம் அதிலிருந்து எழுந்தன. தர்மம் செய்யத் தோன்றும் நாளில் மட்டும் கொடுப்பது மகமை அல்ல. கூலி, வாடகை போல அதுவும் கணக்கில் ஒரு வரி. பெரிய முதலாளியும் கொடுத்தார், சின்னக் கடைக்காரரும் கொடுத்தார்.

ஒரு பள்ளிக்கூடத்தை நடத்திய இந்த முறை, மிகச் சிலருக்கே வரும் ஒரு நோய்க்கு உதவுமா? முதுகுத்தண்டு தசைச்சிதைவு நோயை எடுத்துக்கொள்வோம். சுருக்கமாக எஸ்.எம்.ஏ. என்பார்கள். 1890-களிலேயே வெர்ட்னிக், ஹாஃப்மன் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்துவிட்டார்கள். காரணமான மரபணு அடையாளம் காணப்பட்டதோ 1995-ல்தான். அந்த மரபணு பழுதானால் ஒரு முக்கியமான புரதம் போதிய அளவு உருவாகாது. அது இல்லாமல் தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாக அழியும். கட்டளையிட ஆளில்லாமல் தசைகள் சூம்பும். கடுமையான வகை வந்த குழந்தைகளில் பெரும்பாலோர், சிகிச்சை இல்லாவிட்டால், இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. அறிவுக்கு மட்டும் எந்தக் குறையும் இராது.

2019-ல் அமெரிக்காவில் சோல்ஜென்ஸ்மா என்ற ஊசிக்கு அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு முறை போட்டால் போதும். விலை 21 லட்சம் டாலருக்கு மேல்! நம் பணத்தில் சுமார் 16 கோடி ரூபாய் என்று பேசப்பட்டது. ஏன் இவ்வளவு? லட்சக்கணக்கானோர் வாங்கும் மருந்தென்றால் ஆராய்ச்சிச் செலவு எல்லோர் மீதும் பரவிவிடும். சில ஆயிரம் பேர் மட்டுமே வாங்கும் மருந்தில் அது அந்தச் சிலர் தலையில் விழுகிறது. போதாததற்குக் காப்புரிமை இருப்பதால் போட்டியும் கிடையாது. விற்பவர் சொன்னதுதான் விலை.

2021-ல் இந்த விலை நம் வாசலுக்கே வந்தது. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்கு இந்த ஊசி தேவைப்பட்டது. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் நூறும் ஐந்நூறுமாக அனுப்பினார்கள். இறக்குமதி வரியாக மட்டுமே சுமார் 6 கோடி கட்ட வேண்டியிருந்தது. மத்திய அரசு அதைத் தள்ளுபடி செய்தது. ஊசியும் போடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், சொந்த உபயோகத்துக்கு இந்த மருந்தை இறக்குமதி செய்தால் ஜி.எஸ்.டி. இல்லை என்று கவுன்சில் முடிவெடுத்தது. தமிழ்நாடே மகிழ்ந்த செய்தி அது. ஆனால் அடுத்த குழந்தைக்கு? மறுபடியும் வீடியோ, மறுபடியும் வேண்டுகோள், மறுபடியும் காலத்தோடு ஓட்டப்பந்தயம். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வந்தது. அதன் உதவி 2022-ல் 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. 16 கோடியில் அது எத்தனை பங்கு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஏற்காடு கடைவீதியிலிருந்து மாரமங்கலம் வரை டீக்கடை, மளிகைக்கடை, காபிக்கொட்டை, மிளகு வாங்கும் கடை எல்லாம் சேர்த்து 100 கடைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கடையும் நாளைக்கு 10 ரூபாய் மகமை எடுத்து வைத்தால் வருடத்துக்கு 3,65,000 ரூபாய். இந்தப் பணத்தில் 16 கோடி ஊசி வாங்க 438 வருடம் ஆகும்!

அப்படியென்றால் மகமை வீணா? அவசரப்பட வேண்டாம். எஸ்.எம்.ஏ.வுக்கு வாய்வழி கொடுக்கும் ரிஸ்டிப்லாம் என்ற மருந்தும் உண்டு. ரோச் நிறுவனத்தின் மருந்து இந்தியாவில் ஒரு பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாய்க்கு விற்றது. 20 கிலோவுக்கு மேல் எடை உள்ளவருக்கு அது 12 நாள் வரும். ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் இதே மருந்தைத் தயாரிக்க முன்வந்தபோது ரோச் வழக்குத் தொடுத்தது. காப்புரிமை செல்லுமா என்பதிலேயே ஐயம் இருப்பதாகக் கருதிய டெல்லி உயர் நீதிமன்றம் நாட்கோவுக்குத் தடை விதிக்க மறுத்தது. உச்ச நீதிமன்றமும் 2025 அக்டோபரில் தலையிட மறுத்தது. நாட்கோ அறிவித்த விலை 15,900 ரூபாய்.

இனி அந்த 100 கடைகளுக்குத் திரும்புவோம். பழைய விலையில் ஒரு வருட மகமையைக் கொட்டினாலும் ஒரு பாட்டில்கூட வாங்க முடியாது. புதிய விலையில் 22 பாட்டில் வாங்கலாம். ஒருவருக்கு எட்டு மாதத்துக்கும் மேல் வரும். கடைக்காரர்களின் மனசு மாறவில்லை, மருந்தின் விலைதான் மாறியது. சிறுவணிகரின் தர்மம் பயன்படுமா, கடலில் கரைத்த பெருங்காயமாகுமா என்பதை முடிவு செய்வது பல நேரம் காப்புரிமைச் சட்டமும் நீதிமன்றமும்தான்.

மருந்துக்கு வெளியிலும் செலவு உண்டு. சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் 2009-ல் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். இருவருக்கும் தசைச்சிதைவு நோய். எஸ்.எம்.ஏ. நரம்பில் தொடங்குகிறது, இது தசையிலேயே தொடங்குகிறது. படும் பாடு ஏறக்குறைய ஒன்றுதான். தங்களுக்கே எழுந்து நிற்க முடியாத நிலையில் தங்களைப் போன்றவர்களுக்காக அவர்கள் உழைத்தார்கள். வானவன் மாதேவி 2017-ல் காலமானார். நோய் குணமாகாவிட்டாலும் சக்கர நாற்காலி வேண்டும், பிசியோதெரபி வேண்டும், தூக்கி உட்கார வைக்க ஓர் ஆள் வேண்டும். மாரமங்கலம் போன்ற மலைக் கிராமத்துக் குடும்பமென்றால், நரம்பு மருத்துவரைப் பார்க்க 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போகும் வண்டி வாடகையும், அன்றைய கூலி இழப்பும் சேரும். இந்தச் செலவுக்கு யாரும் வீடியோ போடுவதில்லை. போட்டாலும் அது பரவாது. மாதாமாதம் தவறாமல் வரும் சிறு தொகைதான் இதற்குச் சரியான பணம்.

2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் பெரிய நிறுவனங்களின் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு என்று விதித்தது. தெருமுனைக் கடையை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அதற்கு நூறு வருடம் முன்பே விருதுநகர்க் கடைக்காரர்கள் எந்த அரசுச் சட்டமும் சொல்லாமல் மகமை எழுதினார்கள். 16 கோடியை அரசும் சட்டமும்தான் குறைக்க வேண்டும். வண்டி வாடகையையும் பிசியோதெரபி செலவையும் நூறு கடைகள் பார்த்துக்கொள்ளலாம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, நாளைக்குப் பத்து ரூபாய். இன்றைய பிடி அரிசி அதுதான்!