வெள்ளை மண்டபத்தில் நடந்த வியாபாரம்

இத்தாலியில் ஒரு பருவத்துக்கான உடைகளை வெளிநாட்டு மொத்தக் கொள்முதலாளர்கள் முன் வரிசையாகக் காட்டி ஆர்டர் பிடிக்கும் முறை 1951-ல்தான் ஒழுங்கான வடிவம் பெற்றது. அதற்கு முன் அங்கே நல்ல தையற்கலைஞர்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. ரோம், மிலான், தூரின் ஆகிய நகரங்களில் பிரபுக் குடும்பத்துப் பெண்களுக்கும் திரைப்பட நடிகைகளுக்கும் உடை தைத்த நிறுவனங்கள் பல இருந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பாரிஸிலிருந்து மாதிரிகளை விலைக்கு வாங்கி, அவற்றைப் பார்த்துத் தைத்துக்கொடுத்தன. நகரத்துக்கு நகரம் போட்டியும் பொறாமையும் இருந்ததால், வெளிநாட்டிலிருந்து வருபவர் எங்கே போய் யாரைப் பார்ப்பது என்பதே தெளிவாக இல்லை.

பாரிஸில் அந்தக் குழப்பம் கிடையாது. அங்குள்ள உயர்தர ஆடை நிறுவனங்களின் சங்கம் 1868-ல் தோன்றியது. அது ஆண்டுக்கு இருமுறை நடக்கும் காட்சிகளின் தேதிகளை முன்கூட்டியே வகுத்துவிடும். கொள்முதலாளர் ஒவ்வொரு நிறுவனத்தின் கூடத்துக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். உள்ளே நுழையவே ஒரு முன்பணம் கட்ட வேண்டும். அது பின்னால் வாங்கும் சரக்கின் விலையில் கழிக்கப்படும். ஒன்றும் வாங்காவிட்டால் பணம் போனதுதான். வாங்குவதிலும் படிநிலைகள் உண்டு. தைத்து முடித்த உடைக்கு விலை அதிகம். காடாத் துணியில் வெட்டித் தைத்த மாதிரிக்கு அதைவிடக் குறைவு. காகித வெட்டுப்படிவம் இன்னும் மலிவு. வாங்கியவர் அதைப் பார்த்து நூற்றுக்கணக்கில் தைத்து விற்கலாம் என்பதால், சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பெண்ணைவிட வியாபாரிக்கு விலை கூடுதலாகவே இருந்தது. கூடத்தில் அமர்ந்து படம் வரைவது தடை செய்யப்பட்டிருந்தது. பார்த்ததை மனத்தில் பதித்துக்கொண்டு வெளியே வந்து வரைந்து விற்பதற்கென்றே ஆட்கள் இருந்ததால் இந்தக் கெடுபிடி. போரில் தளர்ந்திருந்த பாரிஸ், 1947 பிப்ரவரியில் கிறிஸ்தியான் தியோர் காட்டிய முதல் வரிசைக்குப் பிறகு மறுபடியும் சந்தையைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது.

இந்தப் பிடியைத் தளர்த்தியவர் தையற்காரர் அல்லர், ஏற்றுமதி முகவர் ஒருவர் என்பதுதான் இந்த வரலாற்றில் முக்கியமானது. ஜோவான்னி பத்திஸ்தா ஜோர்ஜினி 1898-ல் ஃபோர்த்தே தெய் மார்மி என்னும் கடலோர ஊரில் பிறந்தவர். 1920-களில் ஃபிளாரன்ஸில் தொழில் தொடங்கி, இத்தாலியப் பீங்கான், கண்ணாடி, பூத்தையல் செய்த துணிகள் போன்ற கைவினைப் பொருள்களை அமெரிக்கப் பேரங்காடிகளுக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பிவந்தார். திருப்பூர்க்காரர்கள் ‘பையிங் ஏஜென்ட்’ என்று சொல்வார்களே, ஏறக்குறைய அந்த வேலை. அமெரிக்கக் கடைகளின் கொள்முதல் அதிகாரிகளை அவருக்கு நேரில் தெரியும். எந்த மாதம் கப்பல் ஏறுகிறார்கள், எந்த விலைக்கு மேல் வாங்க மாட்டார்கள், எதைப் பார்த்தால் கண் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. 1944-ல் ஃபிளாரன்ஸ் விடுவிக்கப்பட்ட பின் நேசநாட்டுப் படையினருக்கான பரிசுப்பொருள் கடையையும் அவர் நடத்தினார்.

இத்தாலியக் கைவினைகளுக்கான பெரிய கண்காட்சி ஒன்று 1950 இறுதியில் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் தொடங்கியது. அதையொட்டி அங்கேயே இத்தாலிய உடைகளையும் காட்ட ஜோர்ஜினி முயன்றார். செலவுக்கு வழி பிறக்கவில்லை. சரக்கைக் கடல் தாண்டிக் கொண்டுபோக முடியாவிட்டால் வாங்குபவர்களைச் சரக்கு இருக்கும் இடத்துக்கு வரவழைப்பது என்று அவர் முடிவு செய்தார். அமெரிக்கக் கடைகளின் ஆட்கள் எப்படியும் பிப்ரவரியில் பாரிஸுக்கு வருவார்கள். அங்கே வேலை முடிந்ததும், ஊர் திரும்புமுன், சில நாள் ஃபிளாரன்ஸுக்கு வந்துபோகும்படி அவர்களுக்குக் கடிதம் எழுதினார். பாரிஸோடு மோதாமல் பாரிஸின் நாட்காட்டியையே தனக்குச் சாதகமாக்கிக்கொண்ட அந்தத் தேதித் தேர்வு, அவர் செய்த காரியங்களிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமானது.

1951 பிப்ரவரி 12-ல் ஜோர்ஜினியின் வீடான வில்லா தொர்ரிஜானியில் காட்சி தொடங்கியது. வந்த கொள்முதலாளர்கள் கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். ஆனால் அவர்கள் நியூயார்க்கின் பெர்க்டார்ஃப் குட்மேன், பி. ஆல்ட்மன், சான் பிரான்சிஸ்கோவின் ஐ. மேக்னின், மாண்ட்ரியாலின் ஹென்றி மார்கன் ஆகிய கடைகளுக்காக வாங்க அதிகாரம் பெற்றவர்கள். சிமொனெத்தா, ஃபபியானி, எமிலியோ ஷூபெர்த், ஃபோந்தானா சகோதரிகள் ஆகியோர் ரோமிலிருந்து உடைகளைக் கொண்டுவந்தனர். யோலே வெனெத்ஸியானி, ஜெர்மானா மருசெல்லி முதலியோர் மிலானிலிருந்து வந்தனர். இவர்களுக்குப் பின் எமிலியோ புச்சி, மிர்சா போன்றோரின் கடற்கரை உடைகளும் பின்னலாடைகளும் காட்டப்பட்டன. கலந்துகொண்டவர்களுக்கு ஜோர்ஜினி விதித்த நிபந்தனை ஒன்றே: பாரிஸின் சாயல் எதிலும் இருக்கக் கூடாது. நிறைவு நாள் விருந்துக்கு அழைக்கப்பட்ட சீமாட்டிகளையும் இத்தாலியப் பாணி உடையிலேயே வரும்படி அழைப்பிதழ் கேட்டுக்கொண்டது. வந்தவர்கள் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். செய்தி அமெரிக்க ஆடைத்தொழில் இதழ்களில் பரவியது.

கொள்முதலாளர்களுக்கு ஃபிளாரன்ஸ் ஏன் பிடித்தது என்பதற்கு விலை ஒரு விடை. அன்றைய இத்தாலியில் தையல் கூலி குறைவு. பாரிஸில் ஓர் உடைக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே சில உடைகள் வாங்கலாம். ஆனால் விலை மட்டும் காரணமில்லை. பாரிஸில் நாள் முழுவதும் கூடம் கூடமாக ஏறி இறங்கியவர்களுக்கு இங்கே எல்லா நிறுவனங்களின் உடைகளும் ஒரே மேடையில், அடுத்தடுத்து வந்தன. ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இதைவிடப் பெரிய காரணம் உடைகளின் தன்மை. உள்ளே விறைப்புத் துணியும் எலும்புச் சட்டமும் வைத்துத் தைத்த பாரிஸ் விருந்துடையை அமெரிக்கத் தொழிற்சாலையில் அப்படியே திரும்பச் செய்வது கடினம். புச்சியின் கால்சட்டையையோ மிர்சாவின் பின்னலாடையையோ அப்படிச் சொல்ல முடியாது. அவை எளிய வெட்டு, துணிச்சலான நிறம், உடம்பை இறுக்காத அமைப்பு கொண்டவை. அளவு மாற்றித் தைப்பது சுலபம். உயர்தர உடைகளுக்கு முன்னணிப் பாடகரைப் போல மதிப்பு இருந்தாலும், சரக்காகக் கப்பலேறியதில் இந்த எளிய உடைகளின் பங்கு பெரிது. நிகழ்ச்சியின் கடைசியில் ஒப்புக்குச் சேர்க்கப்பட்டவை போலத் தோன்றிய அவைதாம் பிற்கால இத்தாலிய ரெடிமேட் தொழிலின் வித்து.

அதே ஆண்டு ஜூலையில் நடந்த இரண்டாவது காட்சிக்கு வந்த கூட்டம் வீட்டில் அடங்காது என்பதால் கிராண்ட் ஹோட்டலுக்கு இடம் மாற்றப்பட்டது. 1952 ஜூலையில் பித்தி அரண்மனையின் சாலா பியாங்கா, அதாவது வெள்ளை மண்டபம், திறந்துவிடப்பட்டது. மெதிச்சி குலத்தாரின் வாசத்தலமாக இருந்த அரண்மனை அது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அணிசெய்யப்பட்ட அந்த மண்டபத்தில் சுவரும் கூரையும் வெண்சுதை வேலைப்பாடு. மேலே படிகச் சரவிளக்குகள். வேறு நிறம் குறுக்கிடாததால் மேடையில் வரும் துணியின் நிறம் தெளிவாகத் தெரியும். மேடையின் இருபுறமும் அமர்ந்த கொள்முதலாளர்கள், வந்துபோகும் உடைகளின் எண்களைக் குறித்துக்கொள்வார்கள். பேரமும் ஆர்டரும் பிறகு. மறுமலர்ச்சிக் காலப் பெருமையை அந்த இடம் உடைகளுக்கும் கொஞ்சம் கடன் கொடுத்தது. ஜோர்ஜினி அதை நன்றாகக் கணக்கிட்டே அந்த மண்டபத்தைக் கேட்டு வாங்கினார்.

புதியவர்களுக்கு அந்த மேடை ஒரே இரவில் வாழ்வு தரக்கூடியதாக இருந்தது. ரொபெர்த்தோ கபுச்சி இருபதுகளின் தொடக்கத்திலேயே அங்கே பெயர் பெற்றார். 1962 ஜூலையில் வாலென்டினோவுக்குக் கிடைத்தது கடைசி நாளின் கடைசி நேரம். பல கொள்முதலாளர்கள் மூட்டை கட்டத் தொடங்கும் வேளை அது. ஆனாலும் இருந்து பார்த்தவர்கள் ஆர்டர்களை அள்ளிக் கொடுத்தனர். அவரது உலகப் புகழ் அங்கிருந்து தொடங்கியது.

பழைய ஊர்ப்போட்டி மட்டும் அடங்கவில்லை. ரோம் நிறுவனங்களுக்கு உடைகளையும் ஆட்களையும் ஒவ்வொரு பருவமும் ஃபிளாரன்ஸுக்குக் கொண்டுவருவது செலவும் சிரமமும் ஆனது. பொது மேடையில் தமக்கு ஒதுக்கிய சிறு நேரமும் போதவில்லை. 1950-களிலேயே சிலர் ரோமில் தனியாகக் காட்டத் தொடங்கினர். சிமொனெத்தாவும் ஃபபியானியும் 1962-ல் பாரிஸுக்கே போய்விட்டனர். 1965-ல் ஜோர்ஜினி பொறுப்பிலிருந்து விலகினார்; 1971-ல் காலமானார். உயர்தர உடைகள் ரோமுக்கும், பின்னலாடையும் எளிய உடைகளும் ஃபிளாரன்ஸுக்கும் என்று சந்தை பிரிந்தது.

அந்தப் பிரிவினையும் நிலைக்கவில்லை. 1967-ல் மிசோனி நிறுவனத்தின் மெல்லிய சரிகைப் பின்னல் மேற்சட்டைகள் மேடை விளக்கில் உடல் தெரியும்படி ஆகிவிட, அடுத்த முறை அவர்களுக்கு அழைப்பு இல்லை. அவர்கள் மிலானில் காட்டினார்கள். 1971-ல் வடிவமைப்பாளர் வால்டர் அல்பினியும் ஃபிளாரன்ஸை விட்டு மிலானுக்குப் போனார். பியெல்லாவின் கம்பளித்துணி ஆலைகள், கோமோவின் பட்டு ஆலைகள், தையல் தொழிற்சாலைகள், ஃபேஷன் இதழ்கள் எல்லாம் மிலானைச் சுற்றியே இருந்தன. துணியும் தையலும் விளம்பரமும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது வாங்குபவரும் அங்கேதான் போவார். 1970-களின் இறுதிக்குள் பெண்கள் ரெடிமேட் ஆடைகளின் மையம் மிலானாகிவிட்டது.

ஃபிளாரன்ஸ் வேறு வழி கண்டது. 1972-ல் ஆண்கள் உடைகளுக்கென்று பித்தி உவோமோ என்னும் சந்தை தொடங்கப்பட்டது. இதன் அடிப்படை மேடை அல்ல, கடைவரிசை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கான அரங்கில் சாம்பிள்களைத் தொங்கவிடும். கொள்முதலாளர் துணியைத் தடவி, தையலைத் திருப்பிப் பார்த்து, அளவும் விலையும் பேசி, அங்கேயே ஆர்டர் எழுதுவார். 1982-ல் சாலா பியாங்காவில் ஆடைக் காட்சிகள் நின்றன. பித்தி உவோமோ ஃபோர்த்தெத்ஸா தா பாஸ்ஸோ என்னும் 16-ஆம் நூற்றாண்டுக் கோட்டைக்கு நகர்ந்தது. அங்கே ஜனவரியில் அடுத்த குளிர்காலத்துக்கும் ஜூனில் அடுத்த கோடைக்கும் ஆக, ஆண்டுக்கு இருமுறை அந்தச் சந்தை கூடுகிறது.