பாய்க்கலச் செலவும் துறைத் தங்கலும்

2009 ஆகஸ்டு 19ஆம் நாள், இந்தியக் கடற்படையைச் சார்ந்த கமாண்டர் திலீப் தோண்டே என்பார் ‘மாதேயி’ என்னும் பாய்க்கலத்தில் தன்னந்தனியராய் மும்பையினின்றும் புறப்பட்டார். உலகைச் சுற்றி 2010 மே மாதத்தில் அத்துறையையே மீண்டும் அடைந்தார். பாயின் துணைகொண்டு தனியே உலகைச் சுற்றிய முதல் இந்தியர் இவரே. இடையே பிரிமாண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் ஆகிய நான்கு துறைகளில் தங்கினார். பின்னர் அதே கலத்தில் 2012 நவம்பரில் புறப்பட்ட அபிலாஷ் டோமி எத்துறையிலும் தங்காது சுற்றி 2013இல் மீண்டார். தங்கிச் சென்ற செலவினும் தங்காச் செலவே உயர்ந்தது என மதிப்பது இக்கால வழக்கு. வீரத்தை அளப்பார்க்கு அவ்வளவை பொருந்தலாம். வரலாற்றை ஆராய்வார்க்கு அது பொருந்துமா என்பதே இக்கட்டுரையில் யாம் எடுத்துக்கொண்ட வினா.

பாய்க்கலத்தைச் செலுத்துவது காற்று. அக்காற்றோ பருவத்திற்கு அடங்கியது. தோண்டே ஆகஸ்டில் புறப்பட்டதும் தென்கோள வேனிற்காலமாகிய சனவரியில் கேப் ஹார்ன் முனையைச் சுற்றியதும் பருவம் நோக்கியே. வங்கக் கடலில் இக்கட்டுப்பாடு இன்னும் வெளிப்படையானது. தமிழகக் கரையினின்றும் கீழ்த்திசை நாடுகட்குச் செல்லும் கலம் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பிச் செல்லும். மீளும் கலம் வடகிழக்குப் பருவக்காற்று நிலைபெறும்வரை ஆண்டுக் காத்திருத்தல் வேண்டும். சீனம் வரை செல்ல விழைவோர் இடைத் துறையொன்றில் அடுத்த பருவம் வரும்வரை தங்க நேரும். காற்றின் இயல்பறிந்து கலம் செலுத்தியதைக் கரிகாலன் முன்னோர்க்கு உரிய பெரும் புகழாக வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றின் 66ஆம் பாட்டில் கூறுதல் ஈண்டு நினைத்தற்குரியது. காற்றை அறிதல் என்பது செல்லும் காலத்தை அறிதல் மட்டுமன்று. நிற்கும் காலத்தை அறிதலுமாம்.

இத்தங்கல் எத்துணை நீண்டது என்பதற்குச் சீனத் துறவியர் குறிப்புகள் சான்று பகர்கின்றன. 671இல் காண்டனினின்றும் புறப்பட்ட இட்சிங், இருபது நாளுக்குள் ஸ்ரீவிசயத்தை அடைந்தார். ஆண்டு ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். அதன் பின்னர் மலையூரில் இரு திங்கள் தங்கினார். கடலிற் சென்ற நாளினும் கரையில் நின்ற நாளே மிகுதி என்பது இதனால் விளங்கும். அவர் வரலாறு எழுதிய மற்றொரு துறவியாகிய வூசிங் என்பார், குளிர்கால இறுதியில் கடாரத்தினின்றும் மேற்கு நோக்கி முப்பது நாள் கடலோடி நாகப்பட்டினம் அடைந்து, அங்கிருந்து இருநாளில் ஈழம் சேர்ந்தார். குளிர்கால இறுதி என்னும் அக்குறிப்பே வாடைக்குக் காத்திருந்தமையைக் காட்டும்.

இனி, காத்திருந்தோர் தமிழராயின் அவர்கள் ஆண்டு செய்தது யாது? இதற்கு விடை தருவது தாய்லாந்தின் மேலைக்கரையில் தகுவாபா என்னும் இடத்திற் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. அது சிதைந்த சிறு கல்வெட்டேயாயினும் செய்தி தெளிவு. நாங்கூருடையான் என வாசிக்கப்பெறும் ஒருவர் ஒரு குளம் தொட்டார். அதற்கு ‘அவனி நாரணம்’ என்று பெயர். அது மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் முதலியோர்க்கு அடைக்கலம். அவனி நாரணன் என்பது காஞ்சியிலிருந்து ஆண்ட மூன்றாம் நந்திவர்மனின் சிறப்புப் பெயர் என அறிஞர் கொள்வர்.

குளம் தொடுதல் ஒரு நாட் செயலன்று. கடந்து செல்வோன் குளம் தொடான், தங்குவோனே தொடுவான். ஆயின் என்றும் அங்கேயே வாழ்வோன் தன் குளத்தைப் பிறர்க்கு அடைக்கலமாக்க வேண்டுவதும் இல்லை. காற்றுத் திரும்பியதும் செல்லவிருப்போன்தான், தான் சென்ற பின்னும் அது காக்கப்படுதற்பொருட்டு நிலைத்ததொரு குழுவிடம் ஒப்படைப்பான். தங்கல், பிரிவு என்னும் இரண்டும் அடைக்கலம் என்னும் அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளன என்பது எம் கருத்து. கல்வெட்டு இதனை வெளிப்படக் கூறவில்லை. யாம் உய்த்துணர்ந்தே கூறுகின்றோம்.

குளத்தை ஒரு குழுவின் காவலில் விடும் இவ்வழக்கம் எங்கிருந்து சென்றது? காஞ்சிக்குக் கிழக்கே திருப்பெரும்பூதூர், ஒரகடம் முதலாய ஊர்கள் அமைந்த நிலப்பகுதி ஏரிகளால் வாழ்ந்தது. அதன் தெற்கேயுள்ள உத்தரமேரூரில், சற்றே பிற்பட்ட 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தகன் கல்வெட்டுகள் ஏரி வாரியம் அமைக்கும் முறையை விரித்துரைக்கின்றன. நீர்நிலையைத் தனியொருவர் உடைமையாக வையாது அவையின் பொறுப்பில் வைத்தல் தமிழகத்து ஊர்வழக்கு. கலத்தில் ஏறியவன் சரக்கோடு இவ்வழக்கத்தையும் ஏற்றிச் சென்றான் எனலாம்.

பிற துறைகளும் இதனை வலியுறுத்தும். சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அத்துறைக்கு வரும் கலத்தார் செலுத்த வேண்டிய கட்டணத்தை வரையறுத்ததைக் கூறுகின்றது. சீனத்துச் சுவாஞ்சௌ நகரில் 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பார் சிவனை எழுந்தருளுவித்ததை மற்றொரு தமிழ்க் கல்வெட்டு அறிவிக்கின்றது. முன்னதில் ஒரு குழு. பின்னதில் ஒரு தனிமனிதர். குளம், கட்டணம், கோயில் என்னும் மூன்றும் துறையில் நெடிது தங்குவார்க்கு வேண்டுவனவே.

ஈண்டு ஒரு தடை எழும். கடல் கடந்த தமிழ்க் கல்வெட்டெல்லாம் தமிழ் வேந்தரின் வெற்றிச் சின்னமே எனக் கொள்வார் உளர். இராசேந்திரன் கடாரம் கொண்டது 1025ஆம் ஆண்டளவில். தகுவாபாக் குளமோ அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முற்பட்டது. சுவாஞ்சௌவைத் தமிழ் வேந்தர் எவரும் ஆண்டதில்லை. சேனாமுகம் படைக்குழுவே என்று கொள்ளினும், வணிகக் குழுவொடு சேர்த்துரைக்கப்படுதலின், அது வணிகர்தம் காவற்படையாதலே பொருந்தும். மற்று, காத்திருந்தோர் அனைவரும் கல்வெட்டு விட்டுச் சென்றாரல்லர். காற்றுத் தங்கச் செய்தது. தங்கலைத் தடமாக்கியது குழுவின் அமைப்பு. இரண்டும் கூடிய இடத்தில்தான் கல் பேசுகின்றது. வேந்தன் பெயரைக் கண்டவுடன் வேந்தன் படையைத் தேடுவது, குளம் தொட்டவனை மறப்பதாக முடியும்.

இன்று திருப்பெரும்பூதூர், ஒரகடம் தொழிற்சாலைகளிற் செய்யப்பெறும் கார்கள் சென்னை, எண்ணூர்த் துறைகளில் கப்பலேறுகின்றன. பொறியால் இயங்கும் அக்கப்பல்கள் வாடைக்கும் கொண்டலுக்கும் மாதக்கணக்கில் காத்திருப்பதில்லை. துறையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவற்றுக்குச் செலவாகவே எண்ணப்படும். அவற்றில் வரும் மாலுமி குளம் தொடுதற்குப் பொழுதும் இல்லை, தேவையும் இல்லை. இது குறையன்று, காலத்தின் மாற்றம். ஆயினும் விரைவையே சிறப்பெனக் கொள்ளும் நம் அளவுகோலை முன்னோர் செலவின்மேல் ஏற்றுதல் தவறாகும். தங்காது சென்ற கலத்தின் பெருமையை நாட்குறிப்பு கூறும். தங்கிய கலத்தின் வரலாற்றை நிலமே தாங்கி நிற்கும்.

ஆதலின், அயல்நாட்டுத் தமிழ்க் கல்வெட்டுகளை ஆராயும் மாணவர், எவ்வேந்தன் காலத்தது என்னும் வினாவோடு, எப்பருவத்தில் அத்துறையில் கலங்கள் நின்றன, எத்துணைத் திங்கள் நின்றன என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். அவ்வாறு நோக்கின், பெயர் சிதைந்து நிற்கும் நாங்கூருடையானும் தமிழ் வரலாற்றில் தனக்குரிய இடத்தைப் பெறுவான்.