துபாஷி ஆனந்தரங்கரின் வாழ்க்கைப் பருவங்கள்

தேஹம் வேறு, தேஹி வேறு என்பது நம் ஸம்ப்ரதாயத்தில் முதலில் கற்பிக்கப்படும் பொருள். ஸ்ரீகீதையின் இரண்டாம் அத்யாயத்துப் பதின்மூன்றாம் ச்லோகம் கௌமாரம், யௌவனம், ஜரை என்னும் மூன்று அவஸ்தைகளை எடுத்துக்காட்டி இதனை விளக்குகிறது. பாலப் பருவம் நீங்கி யௌவனம் வந்தபோது, தன் ஆத்மா அழிந்ததென்று எவனும் சோகிப்பதில்லை. ஆத்மா நிலைநிற்பது என்னும் எண்ணம் அவனுக்கு இருப்பதே காரணம் என்று எம்பெருமானார் அங்கே பாஷ்யமிட்டருளினார். ஆயினும் அவஸ்தைகள் மாறுந்தோறும் ஒருவனுடைய பட்டம், உறவு, ஊரில் அவனுக்குள்ள இடம் ஆகிய யாவும் மாறுகின்றன. இவ்விரண்டில் எதனைக் கொண்டு ஒருவனை ‘இன்னான்’ என்று சொல்வது? இவ்வினாவை ஆராய்வதற்கு நம் புதுச்சேரியிலேயே ஒரு சிறந்த சான்று உள்ளது. அது ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் நாட்குறிப்பு.

பிள்ளையவர்கள் 1709 மார்ச் 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில், ஆயர் குலத்தில் பிறந்தவர். தந்தையார் திருவேங்கடப் பிள்ளை. தந்தைக்குத் திருமலையின் பெயர், மைந்தனுக்குத் திருவரங்கத்துப் பெருமாளின் பெயர், அவருடைய தம்பிக்கு மீண்டும் திருவேங்கடம் என்னும் பெயர். திவ்யதேசங்களை நினைத்தே பிள்ளைகளுக்குப் பெயரிட்ட குடும்பம் அது. பின்னர் வந்த பட்டங்களுக்கெல்லாம் முற்பட்டதும், அவை போன பின்பும் எஞ்சியதும் இத்திருநாமமே என்பதை நினைவில் வைத்து மேலே செல்வோம்.

திருவேங்கடப் பிள்ளை புதுச்சேரியில் குடியேறியது தம் மைத்துனர் நயினியப் பிள்ளையின் தூண்டுதலால். நயினியப் பிள்ளை பிரெஞ்சுக் கும்பனீரின் தலைமைத் துபாஷியாக இருந்தவர். துபாஷி என்பது ‘த்விபாஷீ’, அதாவது இருமொழியாளன், என்னும் சொல்லின் திரிபு. இருமொழிக்கு நடுவே நிற்பவனுக்கு இருதிறத்தாரின் சினமும் வந்து சேரும். எபேர் துரையின் காலத்தில், 1716இல் நயினியப் பிள்ளை சிறைப்பட்டு, மறு ஆண்டில் சிறையிலேயே காலமானார். அவருடைய மகன் குருவப் பிள்ளை பிரான்சு நாட்டுக்குக் கப்பலேறிச் சென்று நீதி கேட்டார். அங்கே கிறிஸ்தவ மதத்தைத் தழுவி, புனித மிக்கேல் பெயரால் வழங்கும் வீரப்பட்டமும் பெற்றுத் திரும்பினார். தந்தையின் பதவி அவருக்குக் கிடைத்தது. ஆயினும் 1724இல் அவரும் மறைந்தார்.

மாமன் சிறையில் இறந்தபோது பிள்ளையவர்களுக்கு எட்டு வயது. மாமன் மகன் மறைந்தபோது பதினைந்து. தந்தையார் பரமபதித்த 1726இல் பதினேழு. கௌமாரமும் யௌவனமும் சந்திக்கும் காலத்தில், அதிகாரம் எத்துணை நிலையற்றது என்பதையும், அதனைப் பெறுவதற்கு ஒருவன் எதனை விடவேண்டி வரும் என்பதையும் தம் குடும்பத்திலேயே கண்டவர் அவர். லெனுவார் துரை அவரை ஆதரித்துப் பரங்கிப்பேட்டையில் கும்பனீரின் வர்த்தகத்தைக் கவனிக்கும் பொறுப்பை அளித்தார்.

மேனாட்டு மனநூலாருள் எரிக் எரிக்ஸன் என்பவர் 1950இல் மனித வாழ்நாளை எட்டுப் பருவங்களாகப் பகுத்தார். ஒவ்வொரு பருவத்திலும் தன்னைச் சூழ்ந்தோரோடு ஒருவன் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு என்பது அவர் கருத்து. இளமையில் ‘யான் யார்’ என்னும் வினா, நடுவயதில் அடுத்த தலைமுறையை வளர்க்கும் கவலை, முதுமையில் வாழ்ந்த வாழ்வை ஏற்றுக்கொள்ளும் மனம் என இவை வரிசைப்படும். இளமை வினாவுக்குப் பிள்ளையவர்கள் கண்ட விடையை அவருடைய செயலே காட்டுகிறது.

அவர் நாட்குறிப்பைத் தொடங்கியது 1736 செப்டம்பர் 6ஆம் நாள். அப்போது வயது இருபத்தேழு. கப்பல் வரவு, துணி விலை, துரைமார் பேச்சு, ஊர்வழக்கு, இல்லத்து மங்கல அமங்கலங்கள் யாவும் அதில் பதிவாயின. இலக்கியத் தமிழை விட்டு, தெலுங்கு, உருது, போர்த்துகீசு, பிரெஞ்சு மொழிச் சொற்கள் விரவிய அன்றைய பேச்சு நடையிலேயே அது அமைந்தது.

தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் காலமானார். அவர் கிறிஸ்தவர், அப்பதவி கிறிஸ்தவர் ஒருவருக்கே செல்லவேண்டும் என்று பாதிரிமாரும் துய்ப்ளே துரையின் மனைவியாரும் விரும்பினர். ஆகவே வேலை முழுதும் பிள்ளையவர்களிடம் இருந்தும், முறையான நியமனம் தாழ்த்தே வந்தது. குருவப் பிள்ளை மேற்கொண்ட வழி அவர் கண்முன் இருந்தது. அதனை அவர் மேற்கொள்ளவில்லை. தம் ஆசாரத்தில் நின்றபடியே பொறுத்திருந்து பதவியைப் பெற்றார்.

ஆனால் பதவி வந்ததும் அதன் எல்லையும் தெரிந்தது. 1748இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்ட நாட்களில், செப்டம்பர் மாதத்தில், பாதிரிமார் கோயிலை அடுத்திருந்த வேதபுரீச்வரர் ஆலயம் பிரெஞ்சுக்காரரால் இடிக்கப்பட்டது. ஊர்ப் பெரியோர் பிள்ளையவர்களிடம் வந்து முறையிட்டனர். அவரால் தடுக்க இயலவில்லை. அந்நாட்களின் குறிப்பில் அவருடைய துயரம் வெளிப்படுகிறது. சிவாலயம் ஆயிற்றே என்று ஒரு வைஷ்ணவர் ஒதுங்கியிருக்கவில்லை. ஊரார் அனைவரின் துயரமாகவே அதனை எழுதினார். பதவியைத் துறந்திருக்கலாகாதா என்று இக்காலத்தார் கேட்பதுண்டு. முப்பத்தொன்பது வயதில், ஒரு பெருங்குடும்பமும் எண்ணிறந்த வணிகரும் நெசவாளரும் தம்மை அண்டியிருக்க, மாமனைச் சிறையில் கொன்ற அதே அதிகாரத்தின் கீழ் நின்றவர் அவர் என்பதை எண்ணிய பிறகே விடை கூறவேண்டும். அடியேனுடைய எண்ணத்தில், துரைமார் கண்ணில் படாத ஏட்டில் உள்ளதை உள்ளபடி எழுதிவைத்ததே அன்று அவரால் இயன்ற கைங்கர்யம்.

புலவர்கள் கண்ட ஆனந்தரங்கர் வேறொருவர். ஸ்ரீநிவாஸ கவி 1752இல் ஸம்ஸ்க்ருதத்தில் ஆனந்தரங்க சம்பூ இயற்றினார். இதனை டாக்டர் வே. ராகவன் 1948இல் பதிப்பித்தார். தியாகராச தேசிகர் தமிழில் ஆனந்தரங்கன் கோவை பாடினார். கஸ்தூரி ரங்க கவி தெலுங்கில் அவர் பெயரால் யாப்பு நூல் செய்தார். இவற்றில் அவர் குறைவற்ற நாயகர். ஆனால் சம்பூ எழுந்த அதே 1752 ஜூன் மாதத்தில், ஸ்ரீரங்கத் தீவில் முற்றுகைக்குள் அகப்பட்ட பிரெஞ்சுப் படை சரணடைந்தது. ரங்கன் பெயர் தாங்கியவருடைய எஜமானரின் அதிர்ஷ்டம் அரங்கத்திலேயே திரும்பிற்று.

துய்ப்ளே 1754இல் பிரான்சுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். 1756இல், லெறி துரையின் ஆளுகையில், பிள்ளையவர்கள் பதவியை இழந்தார். உடலும் நலிந்தது. சம்பூ இந்த ஆனந்தரங்கரை அறியாது; நாட்குறிப்பு அறியும். பதவி போன பின்பும் எழுத்து நிற்கவில்லை. இரண்டாம் முறை ஆங்கிலேயர் முற்றுகையிட்டு ஊர் பசியால் வாடிய நாட்களில், 1761 ஜனவரி 12ஆம் நாள், ஐம்பத்தொன்றாம் வயதில் அவர் மறைந்தார். நான்கு நாட்களுக்குப் பின் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. நாட்குறிப்பு எழுதும் வழக்கமோ அவரோடு மறையவில்லை. திருவேங்கடம் என்னும் பெயருடைய அவர் தம்பி மகனார் அதனைத் தொடர்ந்தார்.

முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பிள்ளை லோகாசார்யர் நவவித ஸம்பந்தம் என்னும் ரஹஸ்யத்தில் எம்பெருமானுக்கும் ஜீவனுக்கும் உள்ள ஒன்பது உறவுகளை விளக்கியருளினார். அவை நிருபாதிகம், ஒரு காரணம் பற்றி வந்தவை அல்ல, ஆகையால் காரணம் நீங்கினாலும் நீங்குவன அல்ல. உலகத்து உறவுகளும் பட்டங்களும் ஔபாதிகம். லெனுவார் தந்ததும், துய்ப்ளே தந்ததும் அவரவரோடு போயின. இதனால் ஔபாதிக உறவுகள் பொருளற்றவை என்பது கருத்தன்று. மைந்தன், தமையன், துபாஷி, ஊர்த்தலைவன் என்று அந்தந்தப் பருவத்துக்குரிய கடமையைச் செய்தே ஒருவன் முதிர்கிறான். அக்கடமைகளில் ஒன்றையே ‘யான்’ என்று கொள்ளும்போதுதான் பதவியின் முடிவு தன் முடிவாகத் தோன்றும். 1756க்குப் பின்னும் எழுதிய கை அவ்வாறு கொள்ளவில்லை.

அவர் வாழ்ந்த மாளிகை இன்றும் நம் ஊரில் நிற்கிறது. கீழ்த்தளம் மரத்தூண்களோடு நம் நாட்டு முறையிலும், மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்தவை. அங்கே செல்லும் பாகவதர்கள், சம்பூவின் நாயகரை மட்டும் எண்ணாமல், பதவியிழந்த பின் உடல் நலிந்தும் எழுதிக்கொண்டிருந்த முதியவரையும் எண்ணிப் பார்ப்பார்களாக.