பொருத்தக் கடினமான முதுகுள்ள குதிரைக்குச் சேணம் தேர்தல்

1. சுமை தாங்கும் இடம்

குதிரையின் மார்புப் பகுதியில் 18 முள்ளெலும்புகள். ஒவ்வொன்றோடும் ஓர் இணை விலா. ஏறுபவரின் எடை இவ்விலாக்களின் மேல் படர்ந்த தசையில்தான் இறங்க வேண்டும், நடுத்தண்டில் அன்று. எனவே சேணம் தோள்பட்டை எலும்புக்குப் பின்னே தொடங்கிக் கடைசி விலாவுக்குள் முடிய வேண்டும். முதுகு குட்டையான குதிரைக்கு இந்த எல்லையே முதல் இடர். ஏறுபவரின் உடலை மட்டும் அளந்து வாங்கிய இருக்கை, விலாத் தாங்கல் இல்லாத இடுப்பில் போய் அழுத்துகிறது.

2. முதுகின் கோளாறுகள்

2.1 வடிவம்: தரோபிரெட் குதிரைகள் பலவற்றுக்குக் கழுத்தடி மேடு உயரம். பந்தயம் விட்டு வருபவற்றுக்குப் பெரும்பாலும் தோளின் பின்தசையும் வற்றியிருக்கும். சேணத்தின் உள்ளிருக்கும் சட்டம் அகன்றால் சேணம் மேட்டில் உட்கார்ந்துவிடும். குறுகினால் இருபுறமும் கவ்வும். உருண்ட மட்டக்குதிரையிலோ சேணம் பக்கவாட்டில் உருளும். அதற்காக வயிற்றுவாரை இறுக்குவது தீர்வாகாது. குழிந்த முதுகில் நேரான சேணம் முன்னும் பின்னும் மட்டுமே தொட்டு நடுவில் பாலமாக நிற்கும். இரு தோள்களும் சமமாக இல்லையெனில் பெரிய தோளுக்கு அளவெடுத்து, சிறிய பக்கத்தை நிரப்புவதே முறை.

2.2 நோய்: முள்ளெலும்புகளின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசும் நோய், இருக்கைக்கு நேர் கீழேதான் மிகுதியாகக் காணப்படுகிறது. எக்ஸ்ரே எடுத்து மருத்துவர் முடிவு சொல்லும்வரை புதுச் சேணம் வாங்குவது வீண்.

3. சோதிக்கும் முறை

விரிப்பின்றிச் சேணத்தை வைத்து, குதிரையைச் சமதரையில் நிறுத்த வேண்டும். அடிமெத்தைக்குள் கையை முன்னிருந்து பின்னாக ஓட்டினால் அழுத்தம் எங்கும் ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஆள் ஏறிய பின்னும் கழுத்தடி மேட்டின் மேலும் பக்கங்களிலும் இடைவெளி இருக்க வேண்டும். முன்காலை முன்னே இழுத்துப் பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கால் முன்னே போகையில் தோள்பட்டையின் மேல்முனை பின்னே நகர்கிறது. நின்ற குதிரையில் சரியாகத் தோன்றிய சேணம் நடையில் அம்முனையில் மோதுவது இதனால்தான்.

4. விரிப்பு

குறுகிய சேணத்தின் கீழ் தடித்த விரிப்பு போடுவது இறுக்கத்தைக் கூட்டவே செய்யும். சற்றே அகன்ற சேணத்தில், தசை தேறும்வரை, விரிப்பு உதவும். தசை மாறுந்தோறும் பொருத்தமும் மாறுவதால், கம்பளி அடைத்த அடிமெத்தையே இத்தகைய முதுகுக்கு ஏற்றது என்பது என் துணிபு: சேணத் தொழிலாளி அதைப் பிரித்துத் திருத்த முடியும்.

சேணமிடும்போது காதை மடக்கிக் கடிக்க வரும் குதிரையைத் தயவுசெய்து அடிக்காதீர்கள். முதலில் வலி இருக்கிறதா என்று அதன் முதுகைத் தடவிப் பாருங்கள்.