வாக்காளரை இழந்த பிரதிநிதி: சி.வி. வேலுப்பிள்ளை

கொள்ளுப்பிட்டியில் இருந்து காலிமுகத்திடல் வழியாக வடக்கே சென்றால், இன்று ஜனாதிபதி செயலகமாக இயங்கும் பழைய பாராளுமன்றக் கட்டடம் வரும். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் இச்சபைக்குத் தெரிவாகினர். அவர்களில் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினர் சி.வி. வேலுப்பிள்ளை.

1914இல் மடக்கொம்பரைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த இவர், கொழும்பு நாளந்தா வித்தியாலயத்தில் கற்று, ஆசிரியராகவும் பின்னர் தொழிற்சங்கவாதியாகவும் பணியாற்றினார். கொழுந்து பறிப்போரின் வாக்குகளே அவரைச் சபைக்கு அனுப்பின.

அந்த வாக்குகள் அடுத்த தேர்தலுக்குள் பறிக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரசைகள் அல்லாதோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் இருந்து நீக்கப்பட்டன. அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. பிரசாவுரிமை கிடைத்ததோ சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டுமே.

1952 ஏப்ரலில் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. வேலுப்பிள்ளையும் அதில் பங்கேற்றார். அவ்வாண்டுத் தேர்தலின் பின், காங்கிரஸின் ஏழு பேரில் ஒருவரும் சபைக்குத் திரும்பவில்லை.

ஆசனம் போனாலும் அவர் பணி ஓயவில்லை. தொழிற்சங்கப் பணியைத் தொடர்ந்தபடியே, 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற ஆங்கிலக் கவிதை நூலையும் 'வீடற்றவன்' நாவலையும் எழுதினார். தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தார். சத்தியாக்கிரக காலத்தை 'நாடற்றவர் கதை'யில் பதிவு செய்தார். 1984இல் காலமானார்.

இது மலையகத்தின் பழங்கதை மட்டுமல்ல. 1949ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தை ஜி.ஜி. பொன்னம்பலம் ஆதரித்தார். இந்த விவகாரத்தில் அவரோடு முரண்பட்டுப் பிரிந்த செல்வநாயகம் அவ்வாண்டு டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1958, 1977 வன்செயல்களின் பின் மலையகத்தில் இருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, இறுதிப் போரிலும் அகப்பட்டன.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அதைக் காண வேலுப்பிள்ளை இருக்கவில்லை. அவரைத் தெரிவு செய்த வாக்காளர்களில் எத்தனை பேர் இருந்தார்கள்?